பருப்பும் மீல் மேக்கரும்: தாவரப் புரதத்தின் தரத்தை நீங்களே கணக்கிடும் வழி

மீல் மேக்கர் என்ற சோயா உருண்டைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 100 கிராமுக்குச் சுமார் 52 கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். துவரம் பருப்பில் அது சுமார் 22 கிராம், பச்சரிசியிலோ புழுங்கலரிசியிலோ சுமார் 8 கிராம். இந்த எண்களை மட்டும் பார்த்து எது சிறந்தது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. தாவரப் புரதமெல்லாம் அரைகுறை, முட்டையும் கறியும் இல்லாமல் உடம்பு தேறாது என்று அடித்துப் பேசுகிறவர்களும் உண்டு. புரதத்தின் தரம் ஒரு தனிப் பொருளோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இரு தரப்பும் கவனிப்பதில்லை. அன்றைய சாப்பாட்டில் எதனோடு எது, எவ்வளவு சேர்கிறது என்பதுதான் தரத்தைத் தீர்மானிக்கிறது.

இப்படிச் சொல்வதற்கு அடிப்படை இருக்கிறது. வேல்ஸில் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பல்லாண்டுகள் பணியாற்றிய ஊட்டச்சத்து விஞ்ஞானி வெர்னன் யங் சோயாவையும் பிற தாவரப் புரதங்களையும் மனிதர்களிடமே சோதித்துப் பார்த்தவர். 2004இல் அவர் மறைந்த பிறகும் அவரோடு இணைந்து உழைத்தவர்களின் ஆய்வு தொடர்கிறது. அவர்களில் முக்கியமானவர் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பாட். அவர்களுடைய கண்டுபிடிப்புகளை நம் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பொருத்திப் பார்க்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

படி 1: உங்களுக்கு எவ்வளவு தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் ஏறக்குறைய 50 கிராம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கான கணக்கு வேறு.

இந்த 50 கிராம் என்பது நல்ல தரமான புரதத்துக்கான அளவு. நீங்கள் சாப்பிடும் புரதத்தின் தரம் 0.8 என்றால், 50ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும். அப்போது 62 கிராமுக்கு மேல் தேவைப்படும். தரம் குறையக் குறையச் சாப்பிட வேண்டிய அளவு கூடும். இனி வரும் படிகள் அந்த 0.8 போன்ற எண்ணைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

படி 2: எந்த அமினோ அமிலம் குறைகிறது என்று பாருங்கள்

நம் உடல் தன் புரதங்களைக் கட்டுவதற்கு 20 அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகிறது. அவற்றில் 9 அமிலங்களை உடலால் உருவாக்க முடியாது; சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். மாலை கட்டும்போது நார் தீர்ந்துவிட்டால், கூடையில் எத்தனை பூ இருந்தாலும் மாலை நீளாது. அதுபோல, அந்த ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றை உடலால் முழுதாகப் பயன்படுத்த முடியாது. எஞ்சுவதை எரித்து ஆற்றலாக்கிவிடும்.

ஒன்பதையும் நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, சோயா என்ற நம் சாப்பாட்டு வட்டத்தில் பெரும்பாலும் இரண்டைக் கவனித்தால் போதும். ஒன்று லைசின். மற்றொன்று மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்த கந்தக அமினோ அமிலங்கள். தானியங்களில் லைசின் குறைவு, கந்தகம் தாராளம். பருப்பில் அதற்கு நேர்மாறு.

ஒரு கிராம் புரதத்தில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதைத் தோராயமாகச் சொல்கிறேன். லைசின்: கோதுமையில் 28, அரிசியில் 37, சோயாவில் 63, துவரம் பருப்பில் 70. கந்தக அமினோ அமிலங்கள்: அரிசியில் 40, துவரம் பருப்பில் 20, சோயாவில் 26. துல்லியமான எண்கள் வேண்டும் என்பவர்கள் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையைப் பார்க்கலாம். 528 உணவுப்பொருள்களின் விவரம் அதில் இருக்கிறது.

இவற்றை எதனோடு ஒப்பிடுவது? ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2013இல் தந்த அளவுகோல் இருக்கிறது. மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கிராம் புரதத்தில் 48 மில்லிகிராம் லைசினும் 23 மில்லிகிராம் கந்தக அமினோ அமிலங்களும் இருக்க வேண்டும். அரிசியின் 37ஐ 48ஆல் வகுத்தால் 0.77. கோதுமைக்கு 0.58. சோயா இரண்டு வரம்புகளையுமே தாண்டுகிறது. பருப்பு வகைகளில் சோயா தனித்து நிற்பதற்கு இதுதான் காரணம். துவரம் பருப்பு லைசினில் சோயாவை மிஞ்சினாலும் கந்தகத்தில் சற்றுப் பின்தங்கிவிடுகிறது.

படி 3: செரிமானத்தைச் சேருங்கள்

தட்டில் இருப்பதெல்லாம் உடலில் சேர்வதில்லை. எனவே இரண்டாம் படியில் கிடைத்த எண்ணைச் செரிமான அளவால் பெருக்க வேண்டும். 1989இல் சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்த பி.டி.சி.ஏ.ஏ.எஸ். என்ற மதிப்பெண்ணின் சாரம் இந்தப் பெருக்கல்தான். அதில் மலத்தோடு வெளியேறும் நைட்ரஜனை (புரதத்தின் அடையாளம் அது) வைத்து மொத்தப் புரதத்தின் செரிமானத்தை அளப்பார்கள். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அந்தக் கணக்கைக் குழப்பிவிடுகின்றன. ஆகவே 2013இல் டி.ஐ.ஏ.ஏ.எஸ். என்ற புதிய மதிப்பெண்ணை முன்வைத்தார்கள். சிறுகுடல் முடியும் இடத்தில், ஒவ்வொரு அமினோ அமிலமும் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று தனித்தனியாகப் பார்ப்பது அதன் முறை.

மனிதர்களின் சிறுகுடல் முனையிலிருந்து மாதிரி எடுப்பது எளிதல்ல. அதனால்தான் பெரும்பாலான எண்கள் எலியிலிருந்தும் பன்றியிலிருந்தும் வருகின்றன. பெங்களூரு ஆய்வாளர்கள் குழாய் செருகாமல், எடை கூடிய அணுக்களால் (ஐசோடோப்புகள்) உணவை அடையாளமிட்டு மனிதர்களிடமே அளக்கும் முறையை உருவாக்கினார்கள். 2018, 2019 ஆண்டுகளில் வெளியான அவர்களின் முடிவுகள் நமக்கு நேரடியாகப் பயன்படும். அவித்த முட்டைப் புரதம் ஏறக்குறைய 89 சதவீதம் செரிக்கிறது. கொண்டைக்கடலை 75 சதவீதம், பாசிப்பயறு 63 சதவீதம். அதே பாசிப்பயற்றின் தோலை நீக்கியதும் செரிமானம் 71 சதவீதமாக உயர்ந்தது. நார்ச்சத்துக்காக முழுப்பயறு சாப்பிடுவது நல்லதுதான். புரதத்துக்காகச் சாப்பிடும்போது தோல் நீக்கிய பருப்புக்கு முதலிடம் கொடுங்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும்.

கணக்குக்காக அரிசிக்கு 0.85, அரிசியும் பருப்பும் சேர்ந்த உணவுக்கு 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணக்குக்கு இந்தத் தோராயம் போதும்.

படி 4: ஒரு நாள் சாப்பாட்டைப் போட்டுப் பாருங்கள்

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இட்லி, தோசை, சோறு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிடுகிறார். அதில் 32 கிராம் புரதம். அரிசி மட்டும் என்றால் தரம் 0.77 பெருக்கல் 0.85, அதாவது 0.65. உடலுக்குப் பயன்படுவது 21 கிராம்தான். ரசமும் மோருமாக நாளை ஓட்டுகிறவர்களின் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

இப்போது சாம்பார், கூட்டு, உளுந்து எல்லாமாக 60 கிராம் பருப்பு சேர்கிறது. 13 கிராம் புரதம் கூடி மொத்தம் 45 ஆகிறது. லைசினைக் கூட்டுவோம்: அரிசியிலிருந்து 32 பெருக்கல் 37, அதாவது 1184 மில்லிகிராம். பருப்பிலிருந்து 13 பெருக்கல் 70, அதாவது 910. இரண்டும் சேர்ந்து 2094. இதை 45ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 46.5. அளவுகோல் 48 அல்லவா? மதிப்பெண் 0.97. பருப்பு சேர்ந்ததும் 0.77 எங்கே போய்விட்டது பாருங்கள். செரிமானத்துக்காக 0.8ஆல் பெருக்கினால் பயன்படும் புரதம் 35 கிராம். தரம் நன்றாகத்தான் இருக்கிறது. அளவு 15 கிராம் குறைகிறது.

அந்தப் பள்ளத்தை நிரப்ப 30 கிராம் மீல் மேக்கர் சேர்த்துப் பாருங்கள். காய்ந்த நிலையில் எடை போட வேண்டும், ஊறிய பிறகு அல்ல. புரதம் 15.6 கிராம் கூடி 60.6 ஆகிறது. சோயாவின் 983 மில்லிகிராமும் சேர்ந்து லைசின் 3077. ஒரு கிராமுக்கு 50.8 வந்துவிட்டதால் லைசின் குறை தீர்ந்தது. செரிமானம் சற்று மேம்பட்டு 0.82 என்று கொண்டால், பயன்படும் புரதம் 49.7 கிராம். தேவைப்பட்ட 50 கைக்கெட்டிவிட்டது.

பால், தயிர், முட்டை, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இதே பள்ளம் அவற்றாலும் நிரம்பும். சோயாதான் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கிராம் புரதத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு மீல் மேக்கர் எவ்வளவு பெரிய துணை என்பது அப்போது புரியும். வாரத்தில் ஒருநாள் பிரியாணியில் நாலு உருண்டை போடுவதோடு அதை நிறுத்திவிடுகிறோம் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

படி 5: லைசின் கணக்கு எப்படி மாறியது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். பழைய புத்தகங்களும் புதிய ஆய்வுகளும் ஏன் முரண்படுகின்றன என்பது இங்கேதான் விளங்கும்.

1985 வரையிலான சர்வதேசப் பரிந்துரை, பெரியவர்களுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 12 மில்லிகிராம் லைசின் போதும் என்றது. உள்ளே போன நைட்ரஜனையும் வெளியே வந்த நைட்ரஜனையும் கழித்துப் பார்க்கும் பழைய முறையில் கிடைத்த எண் அது. வியர்வையிலும் உதிரும் தோலிலும் முடியிலும் போகும் நைட்ரஜனை முழுதாக அளப்பது கடினம் என்பதால், உடலில் தங்குவது உண்மையைவிட அதிகமாகத் தெரியும். தேவை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். நம் அறுபது கிலோக்காரரின் தேவை அந்தக் கணக்கில் 720 மில்லிகிராம். அரிசியிலிருந்தே 1184 கிடைக்கிறதே, பிறகென்ன கவலை என்று தோன்றும். தானியம் மட்டுமே உண்ணும் ஏழைகளுக்குப் புரதப் பிரச்சினையே இல்லை என்ற வாதத்துக்கும் இப்படிப்பட்ட எண்கள் துணைபோயின.

வெர்னன் யங் இதை ஏற்கவில்லை. எம்.ஐ.டி.யில் அவர் கையாண்ட முறை வேறு. கார்பன்-13 என்ற கனமான, கதிரியக்கமற்ற கார்பனைக் கொண்டு லியூசின் என்ற அமினோ அமிலத்தை அடையாளமிட்டார்கள். ஆய்வுக்கு வந்தவருக்கு லைசின் அளவைத் துல்லியமாகக் கட்டுப்படுத்திய உணவைச் சிறு சிறு பகுதிகளாகக் கொடுத்து, அவர் வெளிவிடும் மூச்சைக் குறித்த நேரங்களில் பைகளில் பிடித்தார்கள். இரவும் பகலுமாக 24 மணி நேரம் இது தொடரும். லைசின் போதாதபோது உடலால் புரதம் கட்ட முடியாது. பயன்படாத லியூசின் எரிந்து, அடையாளமிட்ட கார்பன் மூச்சில் வெளிவரும். லைசினைக் கூட்டக் கூட்ட அந்தக் கார்பன் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் குறைவது நின்றுவிடும். அந்த இடம்தான் தேவையின் அளவு. பழைய 12ஐவிட அது வெகு அதிகமாக வந்தது.

நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த அமெரிக்க மாணவர்களுக்கு அப்படி இருக்கலாம், குறைந்த லைசினுக்குப் பழகிய இந்தியர்களின் உடல் சிக்கனமாக நடந்துகொள்ளுமே என்ற எதிர்வாதம் எழுந்தது. நியாயமான கேள்விதான். குர்பாட் குழுவினர் யங்குடன் சேர்ந்து பெங்களூரில் இதே சோதனையை நடத்தினார்கள். இந்தியர்களிடமும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற அளவே வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கை இந்த எண்ணையே சராசரித் தேவையாக ஏற்றுக்கொண்டது.

நம் அறுபது கிலோக்காரருக்கு இப்போது 1800 மில்லிகிராம் வேண்டும். அரிசி தரும் 1184 எந்த வகையிலும் போதாது. பருப்புக்கும் சோயாவுக்கும் நம் சாப்பாட்டில் இருக்கும் மதிப்பு இந்த ஒரு திருத்தத்தால் பலமடங்கு கூடிவிட்டது. பெங்களூரில் மூச்சுப் பைகளோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களுக்கு அரிசி உண்ணும் நாம் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

படி 6: சோயா ஆய்வைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, யாரிடம் சோதித்தார்கள் என்பது. நீண்டகாலம் புரதத்தின் தரத்தை எலிக்குஞ்சுகளின் எடை ஏற்றத்தை வைத்தே அளந்தார்கள். எலிக்கு உடல் முழுக்க ரோமம்; ரோமத்துக்குக் கந்தக அமினோ அமிலங்கள் ஏராளமாக வேண்டும். மனிதர்களின் அளவுகோலைத் தாண்டும் சோயாவில், எலியின் தேவைக்கு அவை மட்டுமே கொஞ்சம் குறைவு. எனவே எலிச் சோதனையில் சோயா தோற்றது. யங்கும் அவருடைய சக விஞ்ஞானி நெவின் ஸ்க்ரிம்ஷாவும் எம்.ஐ.டி.யில் இளைஞர்களிடம் சோதித்தபோது படம் மாறியது. 1984இல் வெளியான நீண்டகாலச் சோதனையில், நன்கு பதப்படுத்திய சோயாப் புரதத்தை மட்டும் உண்டபோதும், மாட்டிறைச்சிப் புரதத்தை உண்டபோதும் நைட்ரஜன் சமநிலை காக்கப்பட்டது. போதிய அளவு சாப்பிடும் பெரியவர்களுக்குச் சோயாவோடு மெத்தியோனினைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை என்பது அந்தத் தொடர் ஆய்வுகளின் முடிவு.

இரண்டாவது, எந்தச் சோயா என்பது. பிரித்தெடுத்த சோயாப் புரதத்துக்குப் பழைய முறையில் (பி.டி.சி.ஏ.ஏ.எஸ்.) 1ஐ ஒட்டிய மதிப்பெண் கிடைக்கும்; புதிய முறையில் (டி.ஐ.ஏ.ஏ.எஸ்.) சுமார் 0.9. வீட்டில் வேகவைத்த சோயா பீன்ஸுக்கும் மீல் மேக்கருக்கும் அதே எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. பழைய முறையில் இன்னொரு குறை: 1க்கு மேல் போனாலும் 1 என்றே எழுதுவார்கள். அதனால் பாலும் சோயாவும் சமம் என்ற தோற்றம் வரும். புதிய முறையில் பால் புரதச் செறிவு 1.18 எடுத்திருக்கிறது. தனியாகச் சாப்பிடுவதற்கு 1க்கு மேலுள்ள மிகுதியால் பயனில்லை. லைசின் குறைந்த சோற்றோடு சேரும்போது அந்த மிகுதிதான் பள்ளத்தை நிரப்பும்.

பிறகு, யார் செலவில் நடந்தது என்றும் பாருங்கள். சோயா ஆய்வுகள் பலவற்றில் சோயாப் பொருள் தயாரிக்கும் நிறுவனங்களின் விஞ்ஞானிகள் பங்கேற்றிருக்கிறார்கள். அதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். வேறு இடத்திலும் அதே முடிவு வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் எழுத அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இல் அனுமதித்தது. சான்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று கூறி 2017இல் அதைத் திரும்பப் பெற முன்மொழிந்தது. இதய நன்மை என்ற வாசகம் வேறு, புரதத்தின் தரம் வேறு. முதலாவது ஆட்டம் கண்டதால் இரண்டாவது பொய்யாகிவிடாது.

ஆண்களின் ஹார்மோனைச் சோயா கெடுக்கும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. 2010இலும் 2021இலும் வெளியான, பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்த இரு ஆய்வுகளும் சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை என்றே கண்டன.

படி 7: யார் கவனமாக இருக்க வேண்டும்?

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை உறிஞ்சப்படுவதைச் சோயா குறைக்கலாம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன புரத அளவை மீற வேண்டாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக வீட்டுச் சோயாப் பாலைக் கொடுக்கவே கூடாது.

படி 8: அடுப்பில்

பச்சைச் சோயாவில் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் தாமஸ் ஆஸ்பார்னும் லஃபாயெட் மெண்டலும் 1917லேயே காட்டிவிட்டார்கள்: பச்சைச் சோயா தின்ற எலிகள் சரியாக வளரவில்லை, வேகவைத்ததைத் தின்றவை வளர்ந்தன. எனவே சோயா பீன்ஸை எட்டு மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுக்கினால் மசியும் வரை குக்கரில் வேகவிடுங்கள். ஊறிய சோயாவைப் பச்சையாக அரைத்துச் சட்னியிலோ பானத்திலோ கலக்காதீர்கள்.

அதன் பச்சை வாடைதான் பலரை விரட்டுகிறது. குளிர்ந்த நீரில் அரைக்கும்போது ஒரு நொதி கொழுப்போடு வினைபுரிந்து அந்த வாடையை உண்டாக்குகிறது. ஊறிய சோயாவைக் கொதிக்கும் நீரில் போட்டு, வெந்நீர் விட்டே அரைத்தால் வாடை வெகுவாகக் குறையும். சோயாப் பாலுக்கு இப்படி அரைத்து, வடிகட்டி, மீண்டும் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

மீல் மேக்கர் எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் செய்யப்படுவது. உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் வையுங்கள். உருண்டை பஞ்சு போல உப்பியதும் குளிர்ந்த நீரில் அலசி, இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து அழுத்திப் பிழியுங்கள். வெளிவரும் நீர் மங்கலாக இருந்தால் இன்னொரு முறை அலசுங்கள். பிறகு உதிர்த்துப் பொரியலிலோ, பெரிய வெங்காயத்தோடு வதக்கிக் குருமாவிலோ, பருப்போடு அரைத்து வடையிலோ சேர்க்கலாம். தினமும் மெல்லப் பிடிக்காதவர்களுக்கு உதிர்த்த பொரியல்தான் எளிது என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: கருகும் வரை வறுப்பது. அதிக வறண்ட வெப்பத்தில் லைசின் சர்க்கரையோடு பிணைந்து உடலுக்குப் பயன்படாமல் போகிறது. எலிகளில் அளந்த ஓர் ஆய்வில் கார்ன்ஃபிளேக்ஸின் டி.ஐ.ஏ.ஏ.எஸ். மதிப்பெண் 0.01க்கு இறங்கியது, மக்காச்சோளத்தில் இயல்பாகவே குறைந்த லைசினை அந்தத் தயாரிப்பு வெப்பமும் கெடுத்துவிட்டது. எந்த லைசினுக்காகச் சோயாவைத் தேடிப் போகிறோமோ அதையே வாணலியில் இழக்க வேண்டாம். சப்பாத்திக்குச் சேர்க்கும் சோயா மாவை, வெப்பத்தில் பதப்படுத்தியதா என்று பார்த்து வாங்கி, ஒன்பது பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு என்று தொடங்குங்கள். கொழுப்பு நீக்காத மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் சிறிய பாக்கெட்டாக வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.